சூளைக்குப் பசி அதிகம், உப்பு மட்டும் ஆகாது

அரியலூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சென்னைக் குப்பைக் கிடங்கைத் தோண்டி, அதில் வரும் பிளாஸ்டிக்கை லாரியில் ஏற்றி எங்கள் ஊர் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். நிலக்கரிக்குப் பதிலாக அதை எரிக்கிறார்களாம். இது உண்மையிலேயே நல்ல காரியமா, இல்லை நகரத்துக் குப்பையை எங்கள் தலையில் கட்டும் வேலையா? புகையில் விஷம் வராதா? அந்த சிமெண்டில் கட்டிய வீடு நிற்குமா?"

நான் ஒரு சிமெண்ட் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன். கடைசி சில வருஷங்களில் சுண்ணாம்புக் கல்லைவிடக் குப்பையைத்தான் அதிகம் சோதித்திருப்பேன். ஆலைக்காரன் ஆலைக்குச் சாதகமாகத்தான் பேசுவான் என்று நினைத்தால், கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

வீட்டுக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். நிற்கும். நம் நாட்டு நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான். அது காலங்காலமாக சூளைக்குள் விழுந்து கிளிங்கரோடு, அதாவது அரைத்தால் சிமெண்டாகும் சுட்ட உருண்டைகளோடு, சேர்ந்துதான் வந்திருக்கிறது. நிலக்கரிச் சாம்பலோ குப்பைச் சாம்பலோ, இரண்டிலும் பெரும்பகுதி சிலிக்கா, அலுமினா, இரும்பு, கால்சியம். சிமெண்டுக்கு வேண்டியதும் அவைதான். டயரை எரித்தால் அதற்குள் இருக்கும் கம்பிகூட வீணாகாது, இரும்புக் கணக்கில் சேர்ந்துவிடும். சாம்பல் எவ்வளவு விழும் என்று முன்கூட்டியே தெரிந்தால் கல், களிமண் அளவை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அளவு தெரியாமல் கொட்டினால்தான் தரம் ஆடும். ஐரோப்பாவில் 2000-ஐ ஒட்டி, மாட்டுப் பைத்திய நோயால் எலும்புத் தூள் தீவனம் தடை செய்யப்பட்டபோது, தேங்கிப்போன தூளைச் சிமெண்ட் சூளைகளில் எரித்தார்கள். எலும்பில் பாஸ்பரஸ் இருக்கிறது. அது அளவு மீறினால் சிமெண்டின் ஆரம்ப வலிமை குறையும். எனவே அளந்து அளந்துதான் போட்டார்கள். நம் ஊரிலும் விற்பனைக்குப் போகும் சிமெண்டில் குளோரைடு 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது, கம்பி துருப்பிடிக்கும் என்பதால். அந்த அளவை எட்டுவதற்கு ரொம்ப முன்னாலேயே சூளை படுத்துவிடும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சூளை என்றதும் செங்கல் சூளையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது லேசாகச் சாய்ந்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் நீண்ட இரும்புக் குழாய். உள்ளே நெருப்புச் செங்கல் பதித்திருக்கும். ஒரு முனையில் பர்னர். அங்கே சுடரின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸ் வரை போகும், கல் 1,450 டிகிரியில் பாதி உருகிய நிலையில் உருண்டு கிளிங்கராகிறது. மறுமுனையில் பல மாடி உயரக் கோபுரம். அதற்குப் பெயர் ப்ரீஹீட்டர். அதில் சைக்ளோன் என்று சொல்லும் புனல் வடிவப் பாத்திரங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். அரைத்த கல்மாவு மேலிருந்து இறங்கும், சூடான புகை கீழிருந்து ஏறும். கோபுரத்தின் அடியில் கால்சினர் என்று ஒரு அறை, அங்கே 850 முதல் 900 டிகிரி. சுண்ணாம்புக் கல் தன்னிடமுள்ள கரியமில வாயுவை விட்டுவிட்டு வெறும் சுண்ணாம்பாவது பெரும்பாலும் அங்கேதான்.

கல்லங்குறிச்சிப் பக்கம் சுரங்கத்தில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கல் முழுக்கச் சிப்பி. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. கையகலச் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். அதை உடைத்துச் சுட்டால் 1,000 கிலோவுக்கு 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். நீங்கள் எதை வைத்துச் சுட்டாலும் சரி, இந்த 440 குறையாது. சிமெண்டுக்கான மொத்தக் கரியமில வாயுவில் பாதிக்கும் மேல் இப்படிக் கல்லிலிருந்தே வருவதுதான். "குப்பையை எரிக்கிறோம், எனவே எங்கள் சிமெண்ட் பசுமை சிமெண்ட்" என்று எவராவது விளம்பரம் செய்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கும் பெட்ரோலியத்திலிருந்து வந்ததுதான். அதே வெப்பத்துக்கு நிலக்கரியைவிடக் கொஞ்சம் குறைவாகக் கரியமில வாயு தரும், அவ்வளவே. குப்பையில் இருக்கும் காகிதம், துணி, மரத்துண்டு, தேங்காய் மட்டை இவற்றின் பங்கும், கிடங்கில் மக்கி மீத்தேனாகப் போகாமல் தடுத்ததும்தான் உண்மையான லாபம்.

சரி, எவ்வளவு குப்பை பிடிக்கும்? ஒரு நாளைக்கு 3,000 டன் கிளிங்கர் எடுக்கும் நடுத்தரச் சூளை என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்குச் சுமார் 720 கிலோகலோரி வேண்டும். ஆக ஒரு நாளைக்கு 216 கோடி கிலோகலோரி. கிலோவுக்கு 8,000 கிலோகலோரி தரும் பெட் கோக் (பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி) மட்டும் போட்டால் 270 டன். இதில் 15 சதவீதத்தைக் குப்பை எரிபொருளுக்கு விட்டுக்கொடுத்தால், 3,000 கிலோகலோரி தேறும் நல்ல சரக்காக 108 டன் வேண்டும். லாரிக்கு 12 டன் என்றால் ஒன்பது லாரி. ஒரே ஒரு சூளைக்கு, தினமும். பசி பெரிதுதான்.

குப்பை எரிபொருளை நாங்கள் ஆர்.டி.எஃப். என்போம். மக்கும் குப்பையையும், விலை போகும் பிளாஸ்டிக், இரும்பு, கண்ணாடியையும் எடுத்த பிறகு மிஞ்சும் எரியக்கூடிய மிச்சத்தை நறுக்கி, முடிந்தவரை உலர்த்தினால் அதுதான் ஆர்.டி.எஃப். பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே மாதிரிப் பல அடுக்குத் தாள்கள், கிழிந்த செருப்பு, ரப்பர், கந்தல் துணி. பழைய இரும்புக் கடைக்காரர் ஐந்து பைசா தரமாட்டேன் என்று ஒதுக்கியவை. விலை போகிற பொருளைச் சூளையில் போடுவது முட்டாள்தனம் என்பது என் கருத்து. விதியும் அப்படித்தான் சொல்கிறது: மறுசுழற்சிக்கு ஆகாததைத்தான் இப்படி எரிக்கலாம்.

காகிதத்தில் இப்படி. லாரியைத் திறந்தால் வேறு மாதிரி.

தார்ப்பாயை விலக்கியதும் முதலில் வருவது வாசனை. அதை வைத்தே ஈரம் எவ்வளவு என்று எங்கள் யார்டு ஆட்கள் ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவார்கள். கொட்டினால் புடவைத் துண்டு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வரும், அது ஷ்ரெட்டரின், அதாவது நறுக்கும் இயந்திரத்தின், பற்களில் சுற்றிக்கொண்டால் அன்றைய ஷிஃப்ட் போச்சு. தேங்காய் ஓடு, மண், ஜல்லி. ஒருமுறை பாதி ஆட்டுக்கல் வந்தது, அதை வெகுநாள் ஆய்வக வாசலில் வைத்திருந்தோம். பழைய கிடங்கைத் தோண்டி எடுத்த சரக்கு என்றால் இன்னும் மோசம். பிளாஸ்டிக் உறைக்குள் பல வருஷத்து மண் ஒட்டிக்கிடக்கும், உதறினாலும் போகாது. நாங்கள் லாரியின் நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, கால் பாகமாக்கி, அதையும் கால் பாகமாக்கி, 105 டிகிரி அடுப்பில் உலர்த்தி, அரைத்து, கடைசியில் ஒரு கிராம் மாத்திரை பிடித்து, எரிந்தால் எவ்வளவு வெப்பம் தரும் என்று அளக்கும் கலோரிமீட்டருக்குள் வைப்போம். 12 டன் லாரி என்பது 1 கோடியே 20 லட்சம் கிராம். அதற்கு அந்த ஒரு கிராம் சாட்சி சொல்ல வேண்டும். நிலக்கரி என்றால் இது நடக்கும், ஒரு பிடி இன்னொரு பிடி மாதிரி இருக்கும். குப்பையில் ஒரு பிடி செருப்பு, அடுத்த பிடி தென்னை ஓலை. காகிதத்தில் 3,000 என்று எழுதிவந்த லாரி என் மேசையில் 2,100 காட்டிய நாட்கள் உண்டு. அனுப்பியவர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை, இரண்டு பேரும் வேறு வேறு கிராமைப் பார்த்திருக்கிறோம்.

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2018-இல் இதற்குத் தர வரிசை வகுத்தது. வெறுமனே பிரித்தெடுத்த கடைசித் தரத்துக்கு 1,500 கிலோகலோரி, முதல் தரத்துக்கு 4,500. ஈரம், சாம்பல், குளோரின் எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. எனக்கு இதில் முக்கியம் குளோரின். சூளை கலோரி குறைந்தால் பொறுத்துக்கொள்ளும், மண் வந்தால் பொறுத்துக்கொள்ளும், உப்பு மட்டும் ஆகாது.

குளோரின் எங்கிருந்து வருகிறது? பி.வி.சி. குழாய், ரெக்சின் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான், சுத்தமான பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். ஆனால் நம் ஊர்க் குப்பையில் இன்னொரு வழி இருக்கிறது, அதை வெளிநாட்டுப் புத்தகங்களில் அவ்வளவாகப் பார்க்க முடியாது. சாப்பாட்டு உப்பு. சாம்பார் பார்சல் கவர், ஊறுகாய்ப் பாக்கெட், சட்னி ஒட்டிய தாள். வெறும் தண்ணீர் என்றால் உலர்த்திவிடலாம். சாம்பார் உலர்ந்தால் உப்பு அங்கேயே இருக்கும்.

அந்த உப்பு சூளைக்குள் போனால் என்ன ஆகும் தெரியுமா? எரியும் பகுதியின் சூட்டில் ஆவியாகிவிடும். புகையோடு சேர்ந்து கோபுரத்துக்கு ஏறும். அங்கே சூடு குறைவதால் மறுபடி படியும். பொட்டாசியம் குளோரைடு 770 டிகிரியில் உருகும், சோடியம் குளோரைடு 801. கீழ்ச் சைக்ளோன்களில் இருக்கும் சூடும் கிட்டத்தட்ட அதே. ஆக, அரை உருகலாகப் பிசின் மாதிரி கல்மாவில் ஒட்டிக்கொண்டு திரும்பச் சூளைக்கே இறங்கும். மறுபடி ஆவி, மறுபடி ஏற்றம். வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வரும், ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக வந்த உப்பு அதோடு சேரும். ஒருநாள் சைக்ளோனின் வாய் அடைத்துக்கொள்ளும்.

ஒரு மழைக்காலத்தில் எங்களுக்கு அது நடந்தது. ஒரு நகரத்திலிருந்து தொடர்ந்து வந்த சரக்கில் குளோரின் எங்கள் வரம்பைத் தாண்டியிருந்தது. நான் குறிப்பு எழுதி அனுப்பினேன். மாதாந்திரக் கணக்கில் குப்பை சதவீதத்தைக் காட்ட வேண்டிய நெருக்கடி, அதனால் ஓட்டினார்கள். மூன்றாம் நாள் ராத்திரி, அடிச் சைக்ளோனில் அழுத்தம் காட்டும் முள் சட்டென்று விழுந்தது. கண்ட்ரோல் ரூமில் இருந்தவர் கல்மாவு இறங்குவதை நிறுத்துவதற்குள் பல டன் மாவு மேலே நின்றுவிட்டது. அப்புறம் எட்டு மணி நேரம். அலுமினிய அங்கி போட்ட ஆட்கள் நீளக் குழாயில் காற்றழுத்தம் வைத்து, துளை வழியாகக் குத்திக் குத்தி இறக்கினார்கள். 800 டிகிரி மாவு திடீரென்று விட்டுக்கொடுத்தால் தண்ணீர் மாதிரி ஓடும். நிற்கிற இடத்தில் நின்றவனுக்குத் தப்பிக்க நேரம் கிடையாது. அந்த வேலையில் ஆட்கள் வெந்து செத்த கதைகள் இந்தத் தொழிலில் எல்லா ஊரிலும் உண்டு. அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "ஒரு சாம்பார் கவருக்காகவா சார் இது?" என்று இறங்கி வந்த ஃபோர்மேன் கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. குளோரின் பைபாஸ் என்று, சூளை வாயிலிருந்து புகையில் ஒரு சிறு பங்கைத் தனியே இழுத்து, சட்டென்று குளிர்வித்து, உப்பைத் தூசியாகப் பிடித்துவிடலாம். செலவு பிடிக்கும், கொஞ்சம் சூடும் வீணாகும். ஆனால் அது இல்லாமல் பெரிய சதவீதத்துக்குப் போக முடியாது. ஜெர்மனியில் சிமெண்ட் சூளைகளின் வெப்பத்தில் சுமார் 70 சதவீதம் இப்படிப்பட்ட மாற்று எரிபொருளிலிருந்து வருகிறது என்றால், அதற்குப் பின்னால் பைபாஸ் இருக்கிறது, தரம் பிரிக்கும் ஆலைகள் இருக்கின்றன, பதப்படுத்தாத குப்பையை 2005 முதல் மண்ணில் கொட்டவே கூடாது என்ற சட்டமும் இருக்கிறது. நம் நாட்டுச் சராசரி இன்னும் ஒற்றை இலக்கத்தைச் சுற்றியே நிற்கிறது. 70 என்ற எண்ணை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது.

இப்போது உங்கள் புகைக் கேள்வி. டயாக்சின் என்ற கொடிய நஞ்சின் பெயரைக் கேள்விப்பட்டுத்தான் பயப்படுகிறீர்கள், பயப்பட வேண்டியதுதான். குளோரின் உள்ள பொருளைக் குறைந்த சூட்டில், காற்றுப் போதாமல் எரித்தால் அது உண்டாகும். தெருமுனையில் குப்பையைக் கொளுத்துவது அதற்கு முதல்தர உதாரணம். பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்ததே, அதுவும் அப்படித்தான். குப்பை எரிக்கும் உலைகளுக்கு ஐரோப்பிய விதி கேட்பது 850 டிகிரியில் 2 விநாடி. சூளையின் பிரதான பர்னர் பக்கம் புகை 1,100 டிகிரிக்கு மேலேயே அதைவிட நீண்ட நேரம் இருக்கிறது. உள்ளே பறப்பது முழுக்கச் சுண்ணாம்புத் தூள் என்பதால் அமில வாயுக்களையும் அதுவே பிடித்துக்கொள்ளும். நெருப்பு என்ற அளவில் இதைவிட நல்ல நெருப்பு நம் கையில் இல்லை.

ஆனால் மூன்று இடத்தில் ஓட்டை விழலாம். முதலாவது, எங்கே போடுகிறார்கள் என்பது. ஆஸ்திரியாவில் கரிந்தியா மாநிலத்தின் கோர்ட்ஷிட்ஸ் பள்ளத்தாக்கில் 2014-இல் பாலில் ஹெக்ஸாகுளோரோபென்சீன் என்ற நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. பழைய ரசாயனக் கிடங்கிலிருந்து எடுத்த சுண்ணாம்புக் கசடை அங்கிருந்த சிமெண்ட் ஆலை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. போதிய சூடில்லாத இடத்தில் போட்டதால் நஞ்சு எரியாமல் ஆவியாகிப் புல்லில் படிந்தது, மாடு தின்றது, பாலில் வந்தது. கல்மாவோடு சேர்த்து மேலே கொட்டினால் அது மெல்லத்தான் சூடேறும், நஞ்சு அதற்குள் புகையோடு போய்விடும். நஞ்சுள்ள எதுவும் பர்னர் வழியாகவோ கால்சினர் வழியாகவோதான் போக வேண்டும். சூளையைப் பற்றவைக்கும்போதும் அணைக்கும்போதும் குப்பை போடவே கூடாது.

இரண்டாவது, உலோகம். நெருப்பு கரிமப் பொருளைத்தான் அழிக்கும், உலோகத்தை அழிக்காது. பெரும்பாலான உலோகங்கள் கிளிங்கருக்குள் போய்க் கட்டுண்டுவிடும். பாதரசமும் தாலியம் என்ற நச்சு உலோகமும் அப்படியில்லை, ஆவியாகிப் புகையோடு போகும். 1979-இல் ஜெர்மனியின் லெங்கரிக் ஊரில் ஒரு சிமெண்ட் ஆலையின் புகையில் வந்த தாலியத்தால் சுற்று வட்டாரத் தோட்டங்களும் கால்நடைகளும் பாதிக்கப்பட்டன. இரும்புக்காகச் சேர்த்த கழிவில் அது ஒளிந்திருந்தது. எனவே பேட்டரி, டியூப்லைட் கலந்த சரக்கு வாசலிலேயே திரும்ப வேண்டும். தோல் தொழிற்சாலைக் கசடில் இருக்கும் குரோமியம் வேறு வகைத் தொல்லை. அது கிளிங்கரில்தான் தங்கும், ஆனால் சூளையில் நச்சு வடிவத்துக்கு மாறி, கடைசியில் வெறுங்கையால் கலவை பிசையும் கொத்தனாரின் தோலில் அரிப்பாக வரும். இதற்காகவே ஐரோப்பாவில் அந்த வகைக் குரோமியத்துக்குச் சிமெண்டில் 2 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 2 பங்கு, என்று கடிவாளம் போட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, புகை குளிரும் இடம். 450 டிகிரிக்கும் 200 டிகிரிக்கும் நடுவில் நிதானமாகக் குளிர்ந்தால் அழிந்த டயாக்சின் மறுபடி உருவாகலாம். அந்த இடைவெளியை வேகமாகக் கடக்க வைக்க வேண்டும். கழிவை எரிக்கும் சூளைகளுக்கு 2016-இல் வந்த தனி வரம்பு, ஒரு கனமீட்டர் புகையில் 0.1 நானோகிராம் டயாக்சினுக்கு மேல் கூடாது என்கிறது. தூசி, கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகளை நாள் முழுக்க மீட்டர் பார்த்துக்கொண்டிருக்கும். டயாக்சினுக்கு அப்படி மீட்டர் கிடையாது. எப்போதாவது ஆள் வந்து, புகைபோக்கியில் ஏறி, மணிக்கணக்கில் மாதிரி இழுத்துப் போய்ச் சோதிக்க வேண்டும். அந்த நாளில் ஆலை என்ன எரித்தது என்பதைப் பொறுத்துத்தான் அறிக்கையின் மதிப்பு.

"எங்கள் தலையில் கட்டுகிறார்களா?" என்றும் கேட்டீர்கள். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதி, ஆர்.டி.எஃப். ஆலைக்கு 100 கிலோமீட்டருக்குள் இருக்கும் தொழிற்சாலைகள் எரிபொருளில் 5 சதவீதமாவது அதை எடுக்க வேண்டும் என்றது. 2026-இன் புதிய விதிகள் அந்த 5-ஐ ஆறு ஆண்டுகளில் 15 ஆக்கச் சொல்கின்றன. சென்னை உங்கள் ஊரிலிருந்து 250 கிலோமீட்டருக்கு மேல். போக வர 135 லிட்டர் டீசல் என்று வைத்தால், அதன் வெப்பம் லாரியில் இருக்கும் 12 டன் சரக்கின் வெப்பத்தில் 3 சதவீதம்தான். அந்த வகையில் தூரம் ஒரு பொருட்டல்ல. பணக் கணக்கில்தான் இடிக்கிறது. டன்னுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் டீசலுக்கே போகும், அதை மாநகராட்சி தருகிறதா, ஒப்பந்தக்காரரா, ஆலையா என்ற இழுபறியில் சரக்கின் தரம்தான் முதலில் அடிவாங்கும். உலர்த்தாமல் ஏற்றினால் எடை கூடும், எடைக்குத்தான் காசு. இதற்குமேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால், கிடங்கில் கிடந்து புகைவதைவிடச் சூளையில் எரிவது மேல். ஆனால் உங்கள் ஊர் அதற்கு ஒத்துக்கொள்கிறது என்றால் ஆலையிடம் கணக்குக் கேட்கிற உரிமையும் உங்களுக்கு உண்டு. அடுத்த முறை விரிவாக்கத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டால், "புகை வருமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், வராது என்பார்கள், முடிந்தது. கழிவை எந்த இடத்தில் உள்ளே விடுகிறீர்கள், கடைசி டயாக்சின் சோதனை நடந்த அன்று எத்தனை டன் கழிவு எரிந்தது, கடந்த மாதம் எத்தனை லாரியைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். ஒரு லாரியைக்கூடத் திருப்பவில்லை என்று பதில் வந்தால், அங்கே ஆய்வகம் வேலை செய்யவில்லை. பைபாஸ் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னால், அதில் பிடிபடும் உப்புத் தூசியை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். மேடையில் இருக்கும் பொறியாளர் அப்போதுதான் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி உங்களைப் பார்ப்பார்.